இலங்கையின் மாங்குளம் பக்கக் காட்டில் ஆறுமணிக்குருவியைப் படமெடுப்பது எப்படி?

கேள்வி: விடியவும் பொழுதுபடவும் குரல் கேட்குது. கிட்டப் போனால் பற்றைக்குள் மறைஞ்சிடுது. 400 மி.மீ. லென்ஸ் கையில் இருக்கு. எடுத்த ஒன்றிரண்டும் கலங்கல். என்ன செய்யலாம்?

பதில் 1: நீங்கள் அதைத் தேடிப் போகாதையுங்கோ, அது உங்களிட்ட வரட்டும். சருகைக் கிளறிப் புழு பூச்சி தின்னும் குருவி இது. ஈரச் சருகு உள்ள நிழலிடம் பார்த்து, மரத்தில் முதுகைச் சாய்த்து அரை மணித்தியாலமாவது அசையாமல் இருங்கோ. வெள்ளை உடுப்பு வேண்டாம். முதலில் சருகுச் சத்தம்தான் கேட்கும், கமராவை அப்போதே கண்ணுக்குக் கொண்டுபோங்கோ. பிறகு தூக்கினால் அந்த அசைவே அதைக் கலைக்கும்.

பதில் 2: கலங்கலுக்குக் காரணம் வெளிச்சக் குறைவு. ஐஎஸ்ஓ (கமராவின் ஒளியுணர்வு) 3200, ஷட்டர் வேகம் 1/250 செக்கனுக்குக் குறையாமல் வையுங்கோ. மண் நிரப்பின துணிப்பையில் லென்ஸைத் தாழ்வாக வையுங்கோ; குருவியின் கண்மட்டம் கிடைக்கும். ஃபோகஸ் ஒற்றைப் புள்ளியில் இருக்கட்டும், இல்லாவிட்டால் முன்னால் நிற்கும் சுள்ளியைப் பிடிச்சிடும். ஃபிளாஷ் தேவையில்லை.

பதில் 3: ஃபோனில் அதன் குரலைப் போட்டுக் கூப்பிடாதையுங்கோ. தன்ர இடத்துக்கு வேறு குருவி வந்திட்டுது என்று, இரை தேடுறதை விட்டிட்டு அந்த எதிரியைத் தேடி அலையும். ஐப்பசியில் இந்தியாவிலிருந்து வந்து சித்திரையளவில் திரும்புற குருவி, இங்கே கூடு கட்டாது.

இன்னொன்று: இருக்கமுதல் சருகைத் தடியால் தட்டுங்கோ, புடையன் பாம்பு கிடக்கும். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை கண்டால் அந்தப் பக்கமே வேண்டாம். பொழுதுபட யானை இறங்கும், அதனால் காலைதான் நல்லம்.