பெரியவர்களை இடம் மாற்றுவதா, வெளியே போய் வருபவர் ஒதுங்குவதா?

சாளரம்:

இந்த 2021இல் கொரோனாவின் இரண்டாம் அலை தொடங்கியதிலிருந்து எங்கள் வீட்டில் இதே பேச்சுதான். எங்களை அறியாதவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்கலாமே என்று எழுதுகிறேன்.

வீட்டில் ஆறு பேர். நான், கணவர், இரண்டு பெண் பிள்ளைகள், மாமனார், மாமியார். மாமனாருக்கு 74 வயது, சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. மாமியாருக்கு 69. இருவரும் தடுப்பூசியின் முதல் டோஸ் போட்டுக்கொண்டார்கள், இரண்டாவதற்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. கணவருடையது வீட்டிலிருந்து செய்யக்கூடிய வேலை இல்லை. தினமும் போயே ஆக வேண்டும், நாள் முழுக்கப் பலருடன் மூடிய அறையில். அவர் தம்பி வீட்டில் எல்லாருக்கும் வீட்டிலிருந்தே வேலை. "அலை அடங்கும் வரை அம்மா அப்பாவை இங்கே அனுப்பி வைங்க அண்ணா" என்கிறார். மாமனார் மாட்டேன் என்கிறார். மாமியார் அந்தப் பேச்சையே எடுக்க விடுவதில்லை. சின்னவள் தாத்தா பக்கத்தில்தான் தூங்குவாள். கணவர் அனுப்பியே தீர வேண்டும் என்று நிற்கிறார். எனக்கு அவர்களை வற்புறுத்தி அனுப்பவும் மனமில்லை, இங்கே வைத்துக்கொள்ளவும் பயம்.

நேர்கோடு:

அனுப்பிவிடுங்கள் சகோதரி. தள்ளிப்போட நேரமில்லை. போன வருடம் ஒரு வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவர்கள் தப்பித்த கதைகள் நிறைய உண்டு. இந்த டெல்டா என்ற புது வகைக் கொரோனா வந்த பிறகு குடும்பம் குடும்பமாகப் படுக்கிறார்கள். என் பெரியப்பா வீட்டில் வெளியே போய் வந்தவர் அண்ணன் ஒருவர்தான். அவருக்குக் கொஞ்சம் தொண்டை வலி, அதோடு சரி. பெரியப்பா இன்று இல்லை. அண்ணன் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தன்னால்தான் என்ற எண்ணம் அவரை விட்டுப் போகவில்லை. உங்கள் கணவர் ஏன் பிடிவாதமாக நிற்கிறார் என்று எனக்குப் புரிகிறது.

அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே ஒருவர் நோயைப் பரப்ப முடியும். அதனால் "உடம்புக்கு முடியாவிட்டால் ஒதுங்கிக்கொள்கிறேன்" என்பதெல்லாம் காலம் கடந்த ஏற்பாடு. அவர்கள் கோபப்படட்டும். கோபம் ஆறும்.

மாடிப்படி:

கோபம் ஆறும் என்று இவ்வளவு சுலபமாகச் சொல்லாதீர்கள். பெரியவர்கள் கோபத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை, மறைக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

எங்கள் அப்பாவை நாங்கள் அப்படித்தான் இழந்தோம். "காய்ச்சல் வந்தால் உங்களைத் தனி அறையில் வைத்துவிடுவோம், யாரும் உள்ளே வரமாட்டோம்" என்று வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தோம். காய்ச்சல் வந்தபோது அவர் யாரிடமும் சொல்லவில்லை. மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டு, அலுப்பாக இருக்கிறது என்று படுத்துவிட்டார். மூச்சு வாங்கிய பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, காய்ச்சல் என்றைக்கு ஆரம்பித்தது என்பது. யாருக்கும் தெரியவில்லை, அவரால் சொல்லவும் முடியவில்லை.

சாளரம், உங்கள் மாமனாரைக் கட்டாயப்படுத்தி அனுப்பினால், நாளைக்குத் தலைவலி என்றால்கூட அவர் வாய் திறப்பாரா? புது இடம், மருமகள் வேறு, "நம்மால் இவர்களுக்கும் தொந்தரவு" என்ற கூச்சம் வேறு. அதை யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.

அலைவரிசை:

எல்லாரும் கொஞ்சம் மிகையாகப் பயப்படுகிறோம் என்று தோன்றுகிறது. முதல் அலையை இதே வீட்டில், இதே ஆட்களோடு தாண்டி வந்தீர்கள்தானே? பேத்தி பக்கத்தில் தூங்குவதுதான் அந்தப் பெரியவருக்கு உயிர். அதைப் பிடுங்கிவிட்டு எதைக் காப்பாற்றப் போகிறீர்கள்? தனிமையும் உடம்பை உருக்கும்.

நேர்கோடு:

முதல் அலையைத் தாண்டியது இரண்டாம் அலைக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. 1918 இன்ஃபுளுயன்சாவில் வசந்த காலத்தில் வந்த முதல் அலை ஓரளவு மிதமாகத்தான் போனது. செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை அடித்த இரண்டாம் அலையில்தான் சாவுகள் குவிந்தன. அதுவும் இளவயதினர் ஏராளமாகப் போனார்கள். கிருமியும் மாறும், நம் பழக்கமும் தளரும்.

தனிமை உடம்பை உருக்கும் என்பதை மறுக்கவில்லை. சில வாரத் தனிமையிலிருந்து மீண்டு வரலாம். என் பெரியப்பா மீண்டு வர முடியாது.

மாடிப்படி, உங்கள் அப்பாவைப் பற்றிப் படித்தேன். வருந்துகிறேன். ஆனால் அது தனிமைப்படுத்தப் போவதாகப் பயமுறுத்தியதால் வந்த வினை. தம்பி வீட்டுக்கு அனுப்புவது தனிமைப்படுத்தல் ஆகாது, அங்கேயும் மகன்தானே இருக்கிறார்?

இரவுப்பணி:

நான் செவிலியர். கொரோனா வார்டில் இருக்கிறேன், வீட்டில் அம்மாவும் மாமியாரும் இருக்கிறார்கள். அதனால் இந்தக் கேள்வியை நாங்கள் ஏற்கெனவே கேட்டுக்கொண்டாயிற்று.

நேர்கோடு சொல்வதில் ஒரு விஷயம் முழு உண்மை: ஒரு டோஸை நம்பி உட்காரக் கூடாது. 2021 மே மாதம் இங்கிலாந்துப் பொதுச் சுகாதாரத் துறை வெளியிட்ட கணக்கில், டெல்டாவால் அறிகுறியோடு நோய் வருவதை ஒரு டோஸ் சுமார் 33 சதவீதம்தான் தடுக்கிறது. இரண்டு டோஸ் ஆனதும் ஆஸ்ட்ராஜெனகாவுக்கு அது 60, ஃபைசருக்கு 88. இரண்டாவது ஊசிக்குப் பிறகும் இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். ஆக, உங்கள் மாமனார் இப்போது பாதிக் குடைக்குக் கீழ் நிற்கிறார்.

ஆனால் யாரை நகர்த்துவது என்பதில் அவர் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஆபத்து வீட்டுக்குள் வருவது உங்கள் கணவர் வழியாக. என்னிடம் கேட்டால், ஒதுங்க வேண்டியவர் அவர். நானும் அதைத்தான் செய்கிறேன்.

எப்படி என்றால், ஜன்னல் உள்ள ஓர் அறை அவருக்கு. கதவு சாத்தியே இருக்க வேண்டும், ஜன்னல் திறந்தே இருக்க வேண்டும். சாப்பாடு தனியாக. சேர்ந்து சாப்பிடும்போதுதான் எல்லாரும் மாஸ்க்கைக் கழற்றி, பக்கத்தில் உட்கார்ந்து, பேசிக்கொண்டே இருப்போம். குளியலறை ஒன்றுதான் என்றால் மற்றவர்கள் போய் வந்த பிறகு அவர் போகட்டும், எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கட்டும். கூடத்துக்கு வந்தால் மாஸ்க்கோடு, பெரியவர்களும் மாஸ்க்கோடு. காற்று வழியாகப் பரவுவதுதான் முக்கியம். உலக சுகாதார நிறுவனமே 2021 ஏப்ரல் இறுதியில், காற்றோட்டமில்லாத அறைகளைப் பற்றித் தெளிவாக எழுதிவிட்டது. வாங்கி வந்த பையைத் துடைத்துத் துடைத்து மாய்கிறவர்கள் அந்தக் கவனத்தை ஜன்னல் பக்கம் திருப்பினால் நல்லது.

மாடிப்படி எழுதியதில், டாக்டர் கேட்ட கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. வார்டில் நாங்களும் முதலில் அதைத்தான் கேட்கிறோம். இந்த நோய் பலருக்கு அறிகுறி தொடங்கிய ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில்தான் திரும்புகிறது. முதல் நாள் எது என்று தெரியாவிட்டால் எந்த நாளில் விழித்திருக்க வேண்டும் என்றும் தெரியாது. ஆக்ஸிஜன் இறங்கியிருக்கும், ஆனால் மனிதர் பேசிக்கொண்டிருப்பார், மூச்சுத் திணறலே சொல்லமாட்டார். அப்படிப்பட்டவர்களை நிறையப் பார்க்கிறேன். ஆகவே எந்த ஏற்பாடு செய்தாலும், காய்ச்சலைச் சொன்னால் தண்டனை கிடைக்கும் என்ற எண்ணம் அவர்களுக்கு வரவே கூடாது.

நேர்கோடு:

மதிப்போடு கேட்கிறேன் சகோதரி. நீங்கள் செவிலியர். மாஸ்க்கை எப்படிக் கழற்ற வேண்டும், கதவை எப்போது சாத்த வேண்டும் என்பது உங்களுக்குப் பழக்கத்தில் வந்துவிட்டது. சாதாரண வேலைக்குப் போய்க் களைத்து வரும் ஒருவர் வாரக்கணக்கில் இப்படி இருப்பாரா? முதல் வாரம் இருப்பார். அப்புறம் ஒரு நாள் பிள்ளை அழும், கதவு திறக்கும். நோய்க்கு அந்த ஒரு நாள் போதும். பலர் வீட்டில் ஜன்னல் உள்ள தனி அறை என்பதே கிடையாது. ஒழுக்கத்தை நம்பி நிற்கும் ஏற்பாட்டைவிடத் தூரத்தை நம்பி நிற்கும் ஏற்பாடு பாதுகாப்பானது என்பதுதான் என் வாதம்.

மாடிப்படி:

தூரம் என்று எதைச் சொல்கிறீர்கள்? தம்பி வீட்டுக்கு யாருமே வருவதில்லையா? வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களும் கடைக்குப் போகிறார்கள், மருந்து வாங்குகிறார்கள். தினமும் வெளியே போகிறவரிடம் எல்லாரும் எச்சரிக்கையாக இருப்பார்கள். எப்போதாவது போகிறவரிடம் யாரும் இருப்பதில்லை.

இன்னொன்று. இவர்களை அனுப்பும் அன்று கிருமி ஏற்கெனவே யார் உடம்பிலாவது இருந்தால்? இரண்டு வீடும் சேர்ந்து படுக்கும்.

இரவுப்பணி:

மாடிப்படியின் கடைசிக் கேள்வி முக்கியமானது. தொற்றிய பிறகு அறிகுறி வெளிப்பட 14 நாள் வரை ஆகலாம், பெரும்பாலும் ஐந்தாறு நாளில் தெரியும். அனுப்புவது என்று முடிவானால், அதற்கு முந்தைய இரண்டு வாரம் உங்கள் கணவர் எப்படியும் தனி அறையில் இருந்தாக வேண்டும். அந்த இரண்டு வாரத்தில் அவரால் முடிகிறதா என்றும் தெரிந்துவிடும்.

நேர்கோடு சொல்வதுபோல் எல்லாருக்கும் தனி அறை கிடையாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அறையே இல்லாத வீட்டில் நான் வேறு மாதிரிதான் சொல்வேன்.

ஓய்வாசிரியர்:

எனக்கு 76 வயது. அனுப்புவது, வைத்துக்கொள்வது, நகர்த்துவது என்று எங்களைப் பற்றி இத்தனை பேர் எழுதுகிறீர்கள். எல்லாம் அன்பினால்தான், தெரியும். ஆனாலும் படிக்கும்போது வலிக்கிறது. நாங்கள் மூட்டை முடிச்சு இல்லை, மக்களே.

என் மகன் மருந்து விற்பனைப் பிரிவில் இருக்கிறான். போன மாதம் என் எதிரில் உட்கார்ந்து, "அப்பா, நான் தினமும் இத்தனை பேரைப் பார்க்கிறேன். உங்களுக்கு வந்தால் இப்படியெல்லாம் ஆகலாம். இரண்டு வழிதான் எனக்குத் தெரிகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டான். எதையும் மறைக்கவில்லை. மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தால் யாரும் கூட இருக்க முடியாது என்பதையும் சொன்னான். ஒரு நாள் யோசித்துவிட்டு, மகள் வீட்டுக்குப் போகிறேன் என்று நானே சொன்னேன். இங்கேதான் இருக்கிறேன். பேரன் ஞாபகம் வராத நாள் இல்லை, ஆனால் என்னைத் தள்ளிவிட்டார்கள் என்ற நினைப்பு ஒரு நாளும் வந்ததில்லை. "நாளைக்குக் கிளம்புங்கள்" என்று மட்டும் சொல்லியிருந்தால், நான் அசைந்திருக்க மாட்டேன். உங்கள் மாமனாரும் அந்த ரகமாகத் தெரிகிறார் அம்மா.

இன்னொரு பேச்சும் பேசிக்கொண்டோம். எனக்கு நினைவு தப்பினால் யார் முடிவெடுப்பது, என் மருந்துப் பட்டியல் எங்கே, வங்கிக் காகிதம் எங்கே, அவனும் மருமகளும் ஒரே நேரத்தில் படுத்தால் பேரனை யார் பார்ப்பது. என் மனைவி முதலில் அபசகுனம் என்று எழுந்து போனாள். அப்புறம் அவளே திரும்பி வந்து, தன் மாத்திரைகளின் பெயரை எழுதச் சொன்னாள்.

நேர்கோடு:

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்தபிறகு "கோபம் ஆறும்" என்று எழுதிய வரி எனக்கே உறுத்துகிறது. கேட்க வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேட்கும்போது, வரப்போகும் ஆபத்தை உங்கள் மகன் சொன்னதுபோல் முழுதாகச் சொல்ல வேண்டும். பல வீடுகளில் "அவர்கள் இங்கேதான் இருக்கப் பிரியப்படுகிறார்கள்" என்பது, யாரும் உண்மையைச் சொல்லத் துணியாததற்கு மறு பெயர். அப்படிப் பெற்ற சம்மதத்தை நான் சம்மதமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அலைவரிசை:

பிள்ளைகளிடம் யார் கேட்பது? தாத்தாவைக் கட்டிப்பிடிக்காதே என்று சொன்னால், தன்னால்தான் தாத்தாவுக்கு ஏதோ ஆகிவிடும் என்று குழந்தை நினைத்துக்கொள்ளும். அவர்களுக்கும் யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

சாளரம்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு நாங்கள் நால்வரும் பேசினோம். ஓய்வாசிரியர் ஐயா எழுதியதைக் கணவர் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் மாமனார் முன் உட்கார்ந்தார்.

மாமனார் இங்கேதான் இருக்கப் போகிறார். ஆனால் சும்மா இல்லை, நிபந்தனையோடு. மாடியில் உள்ள அறை கணவருக்கு, இரண்டாவது ஊசி போட்டு இரண்டு வாரம் ஆகும் வரை. ஒரு நாள் இந்த ஒழுங்கு தவறினாலும் தானே கிளம்பித் தம்பி வீட்டுக்குப் போய்விடுவேன் என்று மாமனார் சொல்லிவிட்டார். சின்னவளிடமும் அவரே பேசினார். இனி அவள் என்னோடு தூங்குவாள். அழுதாள்தான். மாமியார் இன்னும் முழுதாகச் சமாதானமாகவில்லை, மகன் மேலே தனியாகச் சாப்பிடுவதைப் பார்க்க முடியவில்லை என்கிறார். காய்ச்சல் என்றால் உடனே சொல்ல வேண்டும், சொன்னால் யாரும் யாரையும் திட்டக் கூடாது என்று நால்வரும் ஒப்புக்கொண்டோம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு மருந்துச்சீட்டு அனுப்பியிருக்கிறார்கள், அதை வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

நேர்கோடு:

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இன்றும் அனுப்பத்தான் செய்வேன். ஆனால் இது அவர் தெரிந்து எடுத்த முடிவு, அதன் முன் என் வாதம் நிற்காது. இரண்டாவது ஊசியின் தேதியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், வேலையிடத்தில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் நேரத்தில் அவர் வெளியே, காற்றுள்ள இடத்தில் சாப்பிடட்டும்.

இரவுப்பணி:

அந்த மருந்துச்சீட்டு வேண்டவே வேண்டாம். அதில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருந்தால், உங்கள் மாமனாருக்கு இரட்டை ஆபத்து. 2020 ஜூனில் வெளியான, கொரோனா மருந்துகளைச் சோதித்த பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வில், ஆக்ஸிஜன் தேவைப்பட்டவர்களிடம்தான் அது சாவைக் குறைத்தது. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கு எந்தப் பலனும் தெரியவில்லை. போதாததற்கு, சர்க்கரையைக் கிடுகிடுவென ஏற்றிவிடும். டாக்டர் பார்த்துச் சொல்லாமல் தொடவே கூடாது.

வாங்க வேண்டியது ஆக்ஸிமீட்டர், விரலில் மாட்டினால் இரத்தத்தில் எத்தனை சதவீதம் ஆக்ஸிஜன் என்று காட்டும் கருவி. எல்லாரும் நன்றாக இருக்கும்போதே ஒவ்வொருவருக்கும் வைத்துப் பார்த்து எண்ணை எழுதி வையுங்கள். விரல் சூடாக இருக்க வேண்டும், நகப்பூச்சு கூடாது. நம்மைப் போன்ற கருத்த தோலில் கருவி உள்ளதைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டலாம். அதனால் ஒற்றை எண்ணைப் பார்த்து நிம்மதி அடையாமல், வழக்கமான எண்ணிலிருந்து இறங்குகிறதா என்று பாருங்கள். 94க்குக் கீழே போனால் டாக்டரைக் கூப்பிடுங்கள். 90ஐத் தொட்டால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.