கூட வந்தது யார்? குமரி மாவட்டத்திலிருந்து சில அனுபவங்கள்

ஆளூர்க்காரன்:

மாநில மனித உரிமை ஆணையம் சென்னையில் 1997-ல் தொடங்கியது. நம்ம ஊரில் பலர் ‘மனித உரிமை’ என்ற சொல்லைக் கார் கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கராகத்தான் பார்த்திருப்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன், அத்தானைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போகும் வரை.

அத்தான் ஆட்டோ ஓட்டுகிறவர். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், “ஒரு விசாரணை, பத்து நிமிஷம்” என்று சொல்லிக் கூட்டிப் போனார்கள். அவர் வண்டியில் ஏறிய யாரோ ஒருவரின் நகைப்பை காணாமல் போயிருந்தது. புதன்கிழமை முழுக்க ஆள் வரவில்லை. அக்கா ஸ்டேஷன் வாசலில் போய் உட்கார்ந்தாள். “அப்படி ஒரு ஆளே இங்கே இல்லையே” என்றார்கள். ஆனால் அவருடைய செருப்பு படிக்குப் பக்கத்தில் கிடந்தது. வலது வார் அறுந்து, அக்காவே ஊக்கு குத்திக் கொடுத்த செருப்பு.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் இருக்கிறார். தொண்ணூறுகளின் கடைசியில் மதுரை மக்கள் கண்காணிப்பகம் பள்ளிகளில் மனித உரிமைக் கல்வி என்று ஆரம்பித்ததே, அதற்குப் பயிற்சி எடுத்தவர். வியாழன் காலை அவரைக் கூட்டிப் போனேன். கையில் ஒரு குடை, ஒரு நாற்பது பக்க நோட்டு. அவர் சண்டை போடுவார் என்று நினைத்தேன். குரலைக்கூட உயர்த்தவில்லை. “இவரைக் கைது செய்திருக்கிறீர்களா, இல்லையா? கைது என்றால் கைதுக் குறிப்பில் சாட்சிக் கையெழுத்து யாருடையது? எத்தனை மணிக்குக் கொண்டு வந்தீர்கள்?” மூன்றே கேள்விதான். கிடைத்த பதிலை எல்லாம் மணியோடு நோட்டில் எழுதினார். அப்புறம் ரொம்ப மரியாதையாக, “சார், உங்க சட்டையில் பெயர்ப்பட்டை இல்லையே, நான் என்ன பெயர் எழுத?” என்று கேட்டார். கைது செய்கிற அதிகாரி பெயர் தெரியும்படி பட்டை அணிய வேண்டும், கைதுக் குறிப்பில் சாட்சி வேண்டும், வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. அந்தக் கேள்வியில் அந்த அறையின் காற்றே மாறியது மட்டும் தெரிந்தது. இரண்டு மணி நேரத்தில் அத்தானை வெளியே விட்டார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார்.

வீட்டுக்குப் போகலாம் என்றாள் அக்கா. டீச்சர் விடவில்லை. “முதலில் அரசு ஆஸ்பத்திரி. டாக்டரிடம் யார் அடித்தது என்று சொல்லி ஏ.ஆர். என்கிற காயப் பதிவு போட வை. குளிப்பது அப்புறம்.” பிற்பாடு எங்கள் கையில் நின்ற ஆதாரம் அந்த ஏ.ஆர். காப்பி ஒன்றுதான்.

ஆணையத்துக்கு நான் நான்கு பக்கம் எழுதினேன். டீச்சர் அதை ஒன்றரைப் பக்கமாக வெட்டினார். “உன் கோபத்துக்கு அங்கே கோப்பு எண் கிடையாது. நாள், நேரம், இடம், யார், என்ன செய்தார், அவ்வளவுதான்.” வக்கீல் வேண்டாம், கட்டணம் கிடையாது. ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினோம். எண் வந்தது. அப்படி எதுவும் நடக்கவில்லை என்று காவல்துறை அறிக்கை கொடுத்தது. திருநெல்வேலியில் ஆணையம் அமர்வு நடத்தியபோது மூன்று முறை போய் வந்தோம். மூன்றாவது வருஷம், அரசு 50,000 ரூபாய் கொடுத்துவிட்டுச் சம்பந்தப்பட்டவர் சம்பளத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று பரிந்துரை வந்தது. பணம் கைக்கு வர இன்னும் ஒன்றரை வருஷம். வெற்றி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அத்தான் இப்போதும் காக்கிச் சட்டையைக் கண்டால் ரோட்டின் மறுபக்கம் போய்விடுவார். ஆனால் ஒன்று. அவருடைய ஸ்டாண்டில் இப்போது யாரையாவது விசாரணைக்குக் கூப்பிட்டால், பின்னால் இரண்டு ஆட்டோ போகும்.

உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா? அப்போது கூட வந்தது யார்? எழுதுங்கள்.

தூத்தூர் கரை:

எங்கள் கதை ஸ்டேஷன் கதை இல்லை. இங்கே எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதுகிறேன்.

2017 நவம்பர் 29 ராத்திரி ஒக்கி புயல் வந்தபோது நான் காலேஜ் இரண்டாம் வருஷம். எங்கள் எட்டு ஊர் ஆண்கள் கரையோரம் வலை போடுகிறவர்கள் அல்ல. கொச்சி போன்ற துறைமுகங்களிலிருந்து புறப்பட்டு, வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன் பிடிக்கிறவர்கள். புயல் கிளம்பியபோது அவர்களுக்கு முன்னறிவிப்பு போய்ச் சேரவே இல்லை. புயலுக்குப் பிறகு எத்தனை பேரைக் காணவில்லை என்ற கணக்கிலேயே குழப்பம். வேறு மாநிலத் துறைமுகத்திலிருந்து போன படகு யார் கணக்கில் வரும்? அரசு சொன்ன எண் ஒன்று, எங்கள் ஊர்களில் அழுத வீடுகளின் எண் வேறொன்று.

அப்போதுதான் பையன்களும் பெண்பிள்ளைகளும் வீடு வீடாகப் போய்ப் பட்டியல் எடுத்தோம். படகின் பெயர், பதிவு எண், எந்தத் துறைமுகம், எத்தனை பேர், கடைசியாக வயர்லெஸ்ஸில் பேசியது எப்போது. கோயில் மேடையில் உட்கார்ந்து மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எழுதினோம், கரண்டும் இல்லை. டிசம்பர் 7-ம் தேதி ஆயிரக்கணக்கில் நடந்து போய்க் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தோம். டிவியில் கூட்டத்தைத்தான் காட்டினார்கள். அந்தக் கூட்டத்தின் நடுவே ஒரு அண்ணன் சட்டைக்குள் பாலிதீன் கவரில் பொதிந்து வைத்திருந்த பட்டியலை யாரும் காட்டவில்லை. பேச்சுவார்த்தைக்கு மேலே எடுத்துப் போனது அதைத்தான்.

அடுத்து வந்த பிரச்சினை இன்னும் கொடுமை. உடல் கிடைக்காத ஆளை இறந்தவர் என்று கொள்ளச் சட்டப்படி ஏழு ஆண்டு ஆக வேண்டும். ஏழு ஆண்டு ஒரு வீடு எப்படிச் சாப்பிடும்? கடைசியில் அந்தக் காத்திருப்பு இல்லாமலே குடும்பங்களுக்கு 20 லட்சம் ரூபாய் நிவாரணம் என்று வந்தது. எங்கள் மாமி அந்த ஃபாரத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். “நான் ஒப்புப் போட்டால், நானே அவரைக் கடலில் தள்ளினது போல மக்ளே.” மூன்று சாயங்காலம் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஃபாரத்தைப் பற்றி நான் பேசவே இல்லை. நான்காம் நாள் அவரே பேனா கேட்டார்.

மனித உரிமை என்ற வார்த்தையை அந்த மூன்று மாதத்தில் எங்களில் யாரும் சொல்லவில்லை.

வடசேரி வாத்தியார்:

மேலே சொன்ன ஸ்டிக்கர் விஷயம். நானும் ஏமாந்திருக்கிறேன். ‘மாநில அமைப்பு, மாவட்டப் பொறுப்பு’ என்று சொல்லி 3,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, அசோகச் சின்னம் மாதிரியே ஒன்று அச்சடித்த அடையாள அட்டை கொடுத்தார்கள். டோல்கேட்டில் காட்டினால் பணம் கட்ட வேண்டாம் என்றார்கள். ஆசை யாரை விட்டது? நாங்குநேரி டோல்கேட்டில் காட்டினேன். அந்தப் பையன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது மாதிரி இன்னைக்கு நீங்க அஞ்சாவது ஆளு சார்” என்றான்.

தக்கலை குமாஸ்தா:

நான் வக்கீல் ஆபீஸில் இருபது வருஷமாகக் குமாஸ்தா. கதையைவிடத் தேதிகள்தான் எனக்கு ஞாபகம் நிற்கும், மன்னிக்கவும்.

ஒருவர் ஒரு சாக்குப்பை நிறைய ஆதாரத்தோடு வந்தார். போட்டோ, ஏ.ஆர். காப்பி, பேப்பரில் வந்த செய்தி, எல்லாம் பக்கா. சம்பவம் நடந்து ஒரு வருஷமும் இரண்டு மாசமும் ஆகியிருந்தது. “கேஸ் வலுவாகட்டும் என்று சேர்த்துக்கொண்டிருந்தேன்” என்றார். 1993-ம் வருஷ மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி, சம்பவம் நடந்து ஒரு வருஷம் தாண்டிய புகாரை ஆணையம் விசாரிக்க முடியாது. அந்தச் சாக்குப்பையை அவர் மறுபடி கட்டிய விதம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. முதலில் ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள், ஆதாரத்தைப் பிறகு சேர்க்கலாம்.

இன்னொன்று. கருங்கல் பக்கம் அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) வேலை செய்கிற ஒரு அக்காவைச் சீட்டுப் பணத் தகராறு ஒன்றில் ராத்திரி ஏழு மணிக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். கருப்புக் கறை படிந்த விரலோடு நேராக எங்கள் ஆபீஸுக்கு வந்துவிட்டார். சாட்சி விசாரணைக்குப் பெண்களை அவர்கள் வீட்டில்தான் விசாரிக்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 160-வது பிரிவு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்தில் 179. வக்கீல் போனில் ஒரே நிமிஷம் பேசினார். “சரி, காலையில் நாங்களே வருகிறோம்” என்றார்கள். வரவில்லை. பிரச்சினை அதோடு முடிந்தது. பாதி நேரம் இப்படித்தான் முடியும், எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

ஆணையம் பரிந்துரைதானே செய்யும், யார் மதிப்பார்கள் என்று கேட்பவர்களுக்கு: அரசை அது கட்டுப்படுத்தும் என்று 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பு சொல்லியிருக்கிறது. நடைமுறையில் எத்தனை முறை படியேற வேண்டும் என்பது ஆளூர்க்காரருக்குத் தெரியும்.

இரணியல் விளை:

நானும் ஆணையத்துக்கு எழுதியவன்தான். பக்கத்து விளைக்காரர் என் கையாலையை (எல்லைச் சுவரை) இடித்து இரண்டடி உள்ளே கட்டிவிட்டார். என் உரிமை பறிபோயிற்று என்று உருக்கமாக எழுதினேன். ஏற்க இயலாது என்று ஒரு வரியில் பதில். அரசு ஊழியர் செய்த மீறல், அல்லது அதைத் தடுக்காமல் விட்ட அலட்சியம், இதைத்தான் அவர்கள் பார்ப்பார்கள் என்று குமாஸ்தா மாதிரி ஒருவர் முன்பே சொல்லியிருந்தால் தபால் செலவு மிஞ்சியிருக்கும்.

சாமித்தோப்புப் பக்கம்:

நம்ம மாவட்டத்துக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகத் தோள்சீலைப் போராட்டம் நடத்தி 1859-ல் உத்தரவு வாங்கிய ஊர் இது. அய்யா வைகுண்டர் எல்லோரையும் தலைப்பாகை கட்டச் சொன்ன மண். சுசீந்திரத்தில் தெருவில் நடக்கும் உரிமைக்கு 1926-ல் சத்தியாக்கிரகம் நடந்தது.

தூத்தூர் கரை:

அண்ணாச்சி, எல்லாம் சரி. ஆனால் நம்ம ஊரில் 1859 பற்றி மேடையில் ஒரு மணி நேரம் பேசுகிறவரை, இன்றைக்கு ஒரு துப்புரவுத் தொழிலாளியோடு பேரூராட்சி ஆபீஸ் வரை வாருங்கள் என்று கூப்பிட்டுப் பாருங்கள்.

சாமித்தோப்புப் பக்கம்:

கூப்பிட்டால் வருவேன் பிள்ளே. என்னை யாரும் கூப்பிட்டதில்லை.

பேச்சிப்பாறை மேல்:

நான் காணிப் பழங்குடி. எங்கள் பாட்டா நட்ட பலா இன்னும் காய்க்கிறது, ஆனால் நிலத்துக்குக் காகிதம் இல்லை. 2006 வன உரிமைச் சட்டத்தில் மனு போடும்போது, ஆதாரம் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். மனுதாரர் அல்லாத ஊர்ப் பெரியவர் சொல்வதை எழுதிக் கொடுத்தாலும் அது ஆதாரம்தான் என்று விதியில் இருக்கிறது. இது எங்களில் யாருக்கும் தெரியாது, மனு வாங்க வந்தவருக்கும் தெரியாது. கீழேயிருந்து வந்த ஒரு அக்கா விதியின் தமிழ்ப் பிரதியை விரித்துக் காட்டினார். கண் தெரியாத ஒரு பாட்டி, எந்தப் பாறையிலிருந்து எந்த ஓடை வரை யார் கிழங்கு போட்டார்கள் என்று ஒரு மத்தியானம் முழுக்கச் சொல்லிக்கொண்டே போனார். அந்த அக்காவுக்கு எழுதிக் கை வலித்துவிட்டது. நான் வாங்கி மீதியை எழுதினேன்.

குளச்சல் அம்மா:

இதையெல்லாம் இப்போதுதான் வாசித்தேன். என் மகனுக்குப் பத்தொன்பது வயசு. நாளைக்குக் காலையில் பத்து மணிக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி போன் வந்திருக்கிறது. எதற்கு என்று கேட்டதற்கு, வந்தால் தெரியும் என்று வைத்துவிட்டார்கள். அவன் அப்பா கல்ஃபில் இருக்கிறார். கை நடுங்குகிறது.

தக்கலை குமாஸ்தா:

அம்மா, முதலில் எந்த எண்ணிலிருந்து, எத்தனை மணிக்குப் போன் வந்தது என்று எழுதி வையுங்கள். ஸ்டேஷன் நம்பருக்குத் திரும்பக் கூப்பிட்டு, அழைத்தது அங்கிருந்துதானா என்று கேளுங்கள், இப்போது போலிப் போன்களும் வருகின்றன. அங்கிருந்துதான் என்றால், அழைப்பை எழுத்தில் தரும்படி மரியாதையாகக் கேளுங்கள். 15100 இலவசச் சட்ட உதவி எண், இப்போதே கூப்பிடுங்கள். நாகர்கோவில் கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்க மாட்டார்கள். தம்பி வெள்ளைத்தாளில் மட்டும் கையெழுத்துப் போட வேண்டாம்.

ஆளூர்க்காரன்:

டீச்சருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி இருபது நாள்தான் ஆகிறது, அவரால் வர முடியாது. நான் அத்தானிடம் பேசிவிட்டேன். அவருடைய ஆட்டோவிலேயே வருகிறோம். ஒன்பதரைக்குக் குளச்சல் பஸ் ஸ்டாண்டில் நில்லுங்கள் அக்கா.

தூத்தூர் கரை:

நானும் வருகிறேன்.

குளச்சல் அம்மா:

உங்களை எப்படி அடையாளம் தெரியும்?

ஆளூர்க்காரன்:

கையில் நாற்பது பக்க நோட்டு இருக்கும். பேனா மட்டும் நீங்கள் கொண்டு வாருங்கள், என்னுடையது எழுதாது.