ஸ்பீட் டெஸ்டில் 98, சிங்கப்பூர் சர்வருக்கு மட்டும் பிங் 165: நெட் கம்பெனியைச் சரிசெய்ய வைப்பது எப்படி?

வைகைக்கரை:

வணக்கம். மதுரையில் வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் வேலை செய்கிறேன். சிங்கப்பூரில் உள்ள ஒரு சர்வருக்குள் ரிமோட் டெஸ்க்டாப் வழியாகத்தான் எல்லாமே. மூன்று வருடமாக 46, 47 மில்லி செகண்டில் இருந்த பிங் (சர்வருக்குப் போய்ப் பதில் திரும்பி வர ஆகும் நேரம்), பத்து நாளுக்கு முன் ஒரு காலையில் 165க்கு ஏறியது. அன்றிலிருந்து இறங்கவே இல்லை. அடித்த எண் திரையில் விழ நேரமாகிறது. விழவில்லையோ என்று இன்னொரு முறை அடித்துவிடுகிறேன். நேற்று ஒரு வவுச்சரில் 4500 என்பது 45000 ஆகிவிட்டது. சேமிப்பதற்குள் கண்ணில் பட்டது நல்லவேளை.

புகார் கொடுத்தேன். டெக்னீஷியன் தம்பி இரண்டு முறை வந்தார். மோடத்துக்கு வரும் பேட்ச் கார்டு வயரை மாற்றினார். "லைட் மைனஸ் 19 இருக்குக்கா, அருமையான லைட்" என்றார். ஸ்பீட் டெஸ்டில் 98 வந்ததைக் காட்டினார். அன்று மாலையே "தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்துவிட்டது. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இதே சர்வர் 60க்குள் வருகிறது. அதனால் சர்வரில் கோளாறு இல்லை என்றுதான் நினைக்கிறேன். யாரிடம், என்ன சொன்னால் வேலை நடக்கும்?

தெப்பக்குளம்:

அக்கா, டிஎன்எஸ்ஸை 8.8.8.8 என்று மாற்றிப் பாருங்கள். எனக்கு ஒருமுறை அதில் சரியானது.

வைகைக்கரை:

மாற்றிப் பார்த்தேன் தம்பி, அதே 165தான்.

இரவுப்பணி:

டிஎன்எஸ் பெயரை எண்ணாக மாற்றிக் கொடுப்பதோடு சரி. இணைப்பு கிடைத்த பிறகு பிங் கூடுவதற்கு அது காரணமாகாது. ஸ்பீட் டெஸ்டும் இதற்கு உதவாது. அது பெரும்பாலும் கம்பெனிக்குள்ளேயோ சென்னையிலேயோ இருக்கும் சர்வரோடுதான் பேசும். தெருமுனை வரை ரோடு நன்றாக இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான்.

வழியில் இருக்கும் ஒவ்வொரு ரூட்டருக்கும் எவ்வளவு நேரமாகிறது, எவ்வளவு தொலைகிறது என்று காட்டும் எம்.டி.ஆர். என்ற கருவியை வீட்டிலிருந்து சர்வரை நோக்கி ஓட்டுங்கள், குறைந்தது 100 பாக்கெட் (சிறு தகவல் பொட்டலம்). நடுவில் ஏதாவது ஒரு ரூட்டர் மட்டும் 40, 50 சதவீதம் இழப்பு காட்டினால் பதற வேண்டாம். பிங்குக்குப் பதில் சொல்வதை ரூட்டர்கள் வேண்டுமென்றே மட்டுப்படுத்தி வைத்திருக்கும். கடைசி வரி வரை இழப்பு தொடர்ந்தால்தான் கணக்கு.

வைகைக்கரை:

ஓட்டினேன் சார். இழப்பு எங்குமே இல்லை. மதுரை 3, சென்னை 10, சிங்கப்பூரில் முதல் ரூட்டர் 58. அடுத்து சர்வர் கம்பெனியின் ரூட்டர், அங்கே 165. கடைசி வரை அதுவே. இதைக் கஸ்டமர் கேரில் படித்துக் காட்டினேன். "எங்கள் நெட்வொர்க்கைத் தாண்டித்தான் மேடம் ஏறுகிறது, சர்வர் கம்பெனியிடம் கேளுங்கள்" என்று வைத்துவிட்டார்கள். பார்த்தால் அவர்கள் சொல்வது சரி போலத்தான் இருக்கிறது.

இரவுப்பணி:

சரியில்லை. பலரும் ஏமாறும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

எம்.டி.ஆர். போன்ற கருவியில் ட்ரேஸ் (வழித்தடம்) போடும்போது பாக்கெட் போகும் வழி மட்டும்தான் திரையில் தெரியும். திரும்பி வரும் வழி தெரியாது. ஆனால் நேரத்தில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். எண் எங்கே எகிறுகிறதோ அங்கேதான் கோளாறு என்று சொல்லிவிட முடியாது. அந்த ரூட்டரிலிருந்து பதில் வேறொரு வழியில் வரத் தொடங்குகிறது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்.

கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர். போய்வர 30 மில்லி செகண்ட் போதும், மதுரையையும் ரூட்டர்களையும் சேர்த்தால் உங்கள் பழைய 46. 2002இல் போட்ட ஐ2ஐ கேபிள் தொடங்கி இந்தத் தடத்தில் கடலடிக் கேபிள்கள் பல இருக்கின்றன. பாக்கெட் இரண்டு பக்கமும் ஐரோப்பாவைச் சுற்றினால் 280 அளவுக்கு வரும். உங்களுக்கு 165. ஒரு பக்கம் நேராகவும் ஒரு பக்கம் சுற்றியும் வந்தால்தான் இந்த எண் வரும்.

சர்வரிலிருந்து உங்கள் வீட்டை நோக்கி ஒரு எம்.டி.ஆர். ஓட்டச் சொல்லுங்கள். மோடத்தில் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரி இருந்தால் அது கம்பெனிக்குள் மட்டும் பயன்படும் முகவரி, வெளியே செல்லாது. சர்வரின் லாகின் பட்டியலில் எந்த முகவரி பதிவாகிறதோ அதைக் கொடுங்கள்.

தெப்பக்குளம்:

அக்கா, உங்கள் நெட் கம்பெனிதான் எனக்கும். உங்கள் சர்வர் இருக்கும் சிங்கப்பூர் நிறுவனத்தின் சோதனை முகவரிக்குப் பிங் போட்டேன், 47தான் வருகிறது! நம் இருவர் பொது முகவரியும் முதல் எண்ணிலேயே வேறாக இருக்கிறது.

வைகைக்கரை:

சர்வரைப் பார்க்கும் தம்பி ஓட்டிக் கொடுத்தார். சிங்கப்பூர், மார்சே, மும்பை, சென்னை, மதுரை என்று வருகிறது. மார்சே பிரான்சில் இருக்கும் ஊர்தானே? என் முகவரியும் பத்து நாளுக்கு முன்தான் மாறியிருக்கிறது, பழைய லாகின் பதிவில் இருக்கிறது.

இரவுப்பணி:

அப்படியென்றால் பிடிபட்டுவிட்டது. உங்கள் கம்பெனி புதிதாக ஒரு ஐபி பிளாக் (இணைய முகவரிகளின் தொகுப்பு) வாங்கி உங்கள் பகுதியை அதற்கு மாற்றியிருக்கிறது. "இந்த முகவரிகள் எங்களிடம் இருக்கின்றன" என்று மேலே இருக்கும் பெரிய கம்பெனிகளுக்கு (அப்ஸ்ட்ரீம்) பிஜிபி மூலம், அதாவது நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் முறையில், அறிவிக்க வேண்டும். அவற்றில் ஒன்று தன் ஃபில்டரில் (ஏற்கும் முகவரிகளின் பட்டியல்) புதிய பிளாக்கைச் சேர்க்காவிட்டால் அறிவிப்பு அங்கேயே நின்றுவிடும். பிறகு சிங்கப்பூருக்குத் தெரிந்த ஒரே வழி இன்னொரு அப்ஸ்ட்ரீம் வழியாக, அதாவது மார்சே சுற்றி. எந்த முகவரி எந்த வழியாகத் தெரிகிறது என்று காட்டும் ரைப்ஸ்டாட் தளத்தில் இரண்டு பிளாக்கையும் போட்டுப் பாருங்கள். பழையது இரண்டு அப்ஸ்ட்ரீம் வழியாகவும் புதியது ஒன்று வழியாகவும் தெரிந்தால் இதுதான். ஆர்.பி.கே.ஐ. (முகவரியை அறிவிக்க யாருக்கு உரிமை என்ற சான்று) நிலை "இன்வேலிட்" என்று இருந்தாலும் இதே கூத்து நடக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கஸ்டமர் கேருக்கு இது புரியாது, அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கம்பெனியின் ஏ.எஸ். எண்ணை (நெட்வொர்க்கின் அடையாள எண்) ஏப்னிக் ஹூயிஸ், பியரிங்டிபி என்ற பொதுப் பதிவேடுகளில் தேடினால் தொழில்நுட்பத் தொடர்பு மின்னஞ்சல் கிடைக்கும். அதற்கு எழுதுங்கள், புகார் எண்ணையும் சேர்த்து. "நெட் ஸ்லோ" என்ற சொல்லே வேண்டாம். இப்படிப் போதும்:

"உங்கள் புதிய பிளாக்குக்குச் சிங்கப்பூரிலிருந்து திரும்பும் வழி மார்சே சுற்றி வருகிறது, 165 மில்லி செகண்ட். பழைய பிளாக்கில் இருக்கும் சந்தாதாரருக்கு 47. இரு திசை எம்.டி.ஆர்., நேரத்தோடு கீழே. புதிய பிளாக் ஓர் அப்ஸ்ட்ரீம் வழியாக மட்டுமே தெரிகிறது. மற்றதன் ஃபில்டரில் இருக்கிறதா என்று பார்க்கவும்."

பதிலே வராவிட்டால் புகார் எண்ணோடு கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி கட்டணம் இல்லை, 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் புகார் முடிந்ததிலிருந்து 30 நாளுக்குள் போய்விடுங்கள்.

அதுவரை வேலை நிற்க வேண்டாம். மும்பையில் ஒரு சின்ன கிளவுட் மெஷின் எடுத்து வயர்கார்ட் என்ற விபிஎன் போட்டு அதன் வழியாகப் போங்கள். பதில் அந்த மெஷினின் முகவரிக்கு வரும், மார்சே பக்கம் போகாது.

வைகைக்கரை:

ரைப்ஸ்டாட்டில் நீங்கள் சொன்னபடியே இருந்தது, பழையதற்கு இரண்டு, புதியதற்கு ஒன்று. ஆர்.பி.கே.ஐ. சரியாக இருந்தது. செவ்வாய் இரவு மின்னஞ்சல் அனுப்பினேன். புதன் காலை பத்தரைக்கு அவர்கள் என்.ஓ.சி.யிலிருந்து (நெட்வொர்க்கைக் கவனிக்கும் மையம்) ஒரு பொறியாளரே கூப்பிட்டார். "மேடம், ரிட்டர்ன் பாத் யார் எடுத்துக் கொடுத்தது?" என்றுதான் முதலில் கேட்டார். ஃபில்டர் பட்டியலில் புதிய பிளாக் விட்டுப்போயிருக்கிறதாம், அப்ஸ்ட்ரீமுக்கு எழுதிவிட்டதாகச் சொன்னார்.

இன்று மாலை நாலே முக்காலுக்கு ஒரு கட்டத்தில் எண் அடித்தேன், அடித்த கையோடு விழுந்தது. பிங் பார்த்தால் 46. சர்வரிலிருந்து எடுத்த ட்ரேஸில் சிங்கப்பூருக்கு அடுத்த வரியே சென்னை. கண் கலங்கிவிட்டது சார். பத்து நாள் என் கைதான் தடுமாறுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தெப்பக்குளம் தம்பி, அந்த 47ஐ நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் முகவரி மாறியதையே நான் கவனித்திருக்க மாட்டேன்.

இரவுப்பணி:

ரொம்ப சந்தோஷம் மேடம். அந்த மும்பை மெஷினை மறக்காமல் அழித்துவிடுங்கள். நிறுத்தி மட்டும் வைத்தால் டிஸ்குக்குக் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும்.

வைகைக்கரை:

இப்போதுதான் அழித்தேன்.