'ஏகார்ன் ஆன்டிக்ஸ்' சப்டைட்டிலோடு கிடைக்குமா?

வணக்கம் நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். பிரிட்டிஷ் நகைச்சுவைக் கலைஞர் விக்டோரியா வுட் எழுதிய 'ஏகார்ன் ஆன்டிக்ஸ்' என்ற டிவி நகைச்சுவைத் தொடர் முழுவதையும் ஆங்கில சப்டைட்டிலோடு பார்க்க வழி தேடுகிறேன். என் அக்காவுக்குக் காது சரியாகக் கேட்காது. அவளோடு சேர்ந்து பார்க்க ஆசை.

1985 முதல் 1987 வரை பிபிசி 2-இல், வுட்டின் நகைச்சுவை நிகழ்ச்சிக்குள் சில நிமிடத் துண்டுகளாக வந்தது இது. ஒரு பழம்பொருள் கடையில் நடக்கும் கதை. 'கிராஸ்ரோட்ஸ்' என்ற பழைய பிரிட்டிஷ் சீரியல் மாதிரி அவசர அவசரமாக எடுத்த சீரியல்களைக் கேலி செய்கிறது. ஆடும் செட், மறந்துபோகும் வசனம், திடீரென்று முளைக்கும் உறவுகள், எல்லாம் உண்டு. கடையில் வேலை செய்யும் மிசஸ் ஓவரால் என்ற பாத்திரத்தில் வரும் ஜூலி வால்டர்ஸ் கூன் விழுந்த முதுகோடு காபித் தட்டை ஏந்தி வருவார் பாருங்கள், அந்த நடையை மட்டும் நான் எத்தனை முறை பார்த்திருப்பேன்!

பழைய 'கிராஸ்ரோட்ஸ்' 1988-இலேயே நின்றுவிட்டது. அதை நான் பார்த்ததே இல்லை, ஆனாலும் சிரிப்பு வருகிறது. தப்பாக நடிப்பதை இவ்வளவு துல்லியமாக நடிக்க நல்ல நடிகர்களால்தான் முடியும். கேலியில் வன்மமும் இல்லை. 2005-இல் லண்டனில் இசை நாடகமாகவும் வந்தது. அதில் நடித்த சீலியா இம்ரிக்கு, லண்டன் நாடகங்களுக்குத் தரப்படும் ஒலிவியர் விருது கிடைத்தது.

நான் வாங்கிய டிவிடி இங்குள்ள பிளேயரில் ஓடவில்லை. சப்டைட்டில் உள்ள பதிப்பு எதுவென்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்புறம், இதே வகையில் வேறு பிரிட்டிஷ் தொடர்கள் இருந்தாலும் எழுதுங்கள்.