புதுப்பிப்பு: பிளாட்பெட் டிரெய்லர் தளத்துக்கு என்னென்ன போடுவது என்று முடிவாகிவிட்டது

இரும்புக் குழாய், கட்டு மரம், அவ்வப்போது ஒரு சின்ன இயந்திரம், இந்த மூன்றையும் ஏற்ற ஒரே பிளாட்பெட் (பக்கச் சுவரோ கூரையோ இல்லாத தட்டையான தளம் கொண்ட) டிரெய்லரில் என்ன வசதிகள் வேண்டும் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய வின்ச்களுக்கான (சரக்கைக் கட்டும் பெல்ட்டைச் சுற்றி இறுக்கும் உருளைகளுக்கான) தண்டவாளத்தை ஒரு பக்கம் முழு நீளத்துக்கும் போடச் சொல்லிவிட்டேன். சரக்கின் நீளம் மாறிக்கொண்டே இருக்கும்போது நிலையான வின்ச் இருக்கும் இடத்துக்குப் பெல்ட்டை இழுத்தால் அது கோணலாகத்தான் போகும்.

இயந்திரத்துக்குச் சங்கிலிதான், அதை மாட்டத் தளத்தோடு மட்டமாகப் பதியும் டி-வளையங்கள் (D வடிவ இரும்பு வளையங்கள்). இங்கே ஒன்றைக் கவனியுங்கள், வளையத்தில் பொறித்திருக்கும் தாங்கும் எடையை மட்டும் நம்பாதீர்கள், வளையம் எதில் பற்றவைக்கப்பட்டிருக்கிறது என்று கீழே குனிந்து பாருங்கள். வெறும் தகட்டில் இருந்தால் தகடு கிழியும், தளத்துக்கு அடியில் போகும் குறுக்குச் சட்டத்தில் இருக்க வேண்டும். சங்கிலி, கொக்கி, வளையம் மூன்றில் எது பலவீனமோ அது தாங்கும் அளவுதான் மொத்தக் கட்டும் தாங்கும். கோணமும் முக்கியம்: சரக்கின் மேலாகப் போகும் பெல்ட் தளத்தோடு 30 பாகையில் இருந்தால், இழுவிசையில் பாதிதான் சரக்கைக் கீழே அழுத்தும்.

தளம் மரப்பலகை. இரும்பை விட வழுக்கல் குறைவு, கட்டைகளை ஆணி அடித்து நிறுத்தலாம், அப்புறம் தேய்ந்த பலகையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். குழாய்க்காக முன்பக்கத் தடுப்பும் பக்கவாட்டில் கம்பம் செருகும் குழிகளும் கண்டிப்பாக உண்டு.

வண்டி வந்ததும் வளையங்களின் பற்றவைப்பைப் படம் எடுத்துப் போடுகிறேன்.