பெல் சோதனையில் 22.5 பாகை எதற்காக?

வந்தாறுமூலை மாணவி:
வணக்கம். இறுதியாண்டுக் கருத்தரங்குக்காக, துணிக்கைகளின் விடைகள் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டவையா எனப் பார்க்கும் பெல் சோதனைக்கென 1969இல் கிளவுசர், ஹோர்ன், ஷிமோனி, ஹோல்ட் ஆகியோர் தந்த சமனிலியைப் படித்துக்கொண்டிருக்கிறேன். பின்னிப்பிணைந்த போட்டோன் சோடியின் இணைபு (இரு பக்க விடைகளும் பொருந்தும் அளவு; முழுப் பொருத்தம் 1), ஒளியின் அதிர்வுத் திசையைச் சோதிக்கும் இரு முனைவாக்கிகளுக்கும் இடையிலான கோணத்தின் இருமடங்கின் கோசைன் ஆகும். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு கோணங்கள் வைத்து, கிடைக்கும் நான்கு இணைபுகளில் மூன்றைக் கூட்டி ஒன்றைக் கழித்தால், முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்ட விடைகளுக்கு 2ஐத் தாண்டாது என்பதே சமனிலி. இரு பக்கமும் 0, 45 பாகைகளையே வைத்துக் கணித்தால் சரியாக 2 வருகிறது; எல்லை மீறப்படவில்லை. நூல்கள் ஒரு பக்கத்துக்கு மட்டும் 22.5, 67.5 எனக் கொடுத்துவிட்டுக் காரணம் கூறாமல் நகர்ந்துவிடுகின்றன. இக்கோணங்களை எப்படித் தெரிவுசெய்கிறார்கள்?

கல்முனை ஆசிரியர்:
தங்கச்சி, இரு பக்கமும் ஒரே திசையில் அளந்தால் விடைகள் முற்றாகப் பொருந்தும் என்பது உண்மைதான். ஆனால் புறப்படும்போதே பேசிவைத்துக்கொண்ட இரு துணிக்கைகளும் அதையே செய்யும் என்பதால், அந்தப் பொருத்தம் எதையும் நிறுவாது. நான்கு திசைகளையும் 0, 22.5, 45, 67.5 என வரிசையாக எழுதி, ஒன்றுவிட்டு ஒன்றை எதிரெதிர்ப் பக்கங்களுக்குக் கொடுத்துப் பாருங்கள். அடுத்தடுத்த மூன்று சோடிகளிலும் இணைபு 0.707; அதாவது ஒவ்வொரு படியிலும் 1இலிருந்து இழப்பு 0.293 மட்டுமே. விடைகள் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருந்தால், வரிசையின் இரு அந்தங்களாகிய 0, 67.5 இரண்டுக்கும் இடையிலான இழப்பு இம்மூன்றின் கூட்டுத்தொகையாகிய 0.879ஐத் தாண்ட முடியாது. குவாண்டம் விதியோ 1.707 என்கிறது. கோசைன் தொடக்கத்தில் மெதுவாக இறங்கிப் பின்னர் விரைந்து விழுவதே இதற்குக் காரணம். சமனான படிகளே 0.828 ஆகிய இந்த இடைவெளியை ஆகக்கூடியதாக்கி, எல்லையாகிய 2உடன் சேர்த்து, இரண்டின் வர்க்கமூலத்தின் இருமடங்காகிய 2.828ஐத் தருகின்றன, அதற்கு மேல் குவாண்டம் விதியாலும் போக முடியாதென்று 1980இல் சிரெல்சன் நிறுவினார்.

அக்கரைப்பற்று வாசகர்:
ஆய்வுகூடத்தில் செய்வதாயின் ஒரு கவனம் தேவை. முனைவாக்கியைச் சுழற்றாமல் அதன் முன்னே அரை அலைத் தகட்டைச் சுழற்றினால், முனைவாக்கத் திசை இருமடங்கு திரும்பும், ஆகவே 22.5 பாகைக்குத் தகட்டில் 11.25 வைக்க வேண்டும். நூலிலுள்ள கோணங்களையே தகட்டில் வைத்தால் நான்கு இணைபுகளும் பூச்சியமாகிவிடும். பிறகு போட்டோன் மூலத்தைக் குறைசொல்லிப் பயனில்லை.

வந்தாறுமூலை மாணவி:
மிக்க நன்றி, சேர். எல்லாச் சோடிகளுக்கும் இதே கோணங்கள்தாமா?

கல்முனை ஆசிரியர்:
இல்லை. முழுமையாகப் பின்னிப்பிணையாத நிலைகளுக்குக் கோணங்கள் மாறும். உணர்கருவிகள் பல போட்டோன்களைத் தவறவிடும்போது அத்தகைய நிலைகளே உகந்தவை என 1993இல் எபர்ஹார்ட் காட்டினார். தேவையான வினைத்திறன் 82.8 சதவீதத்திலிருந்து 66.7 வரை இறங்குகிறது. கருத்தரங்கில் இன்னொன்றையும் சேருங்கள்: எந்தக் கோணத்தில் அளப்பது என்பதை ஒவ்வொரு சோடிக்கும் எழுமாறாக, மறுபக்கத்துக்கு ஒளிகூடப் போய்ச் சேர முடியாத நேரத்துக்குள் தீர்மானிக்க வேண்டும். 2015இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1.3 கிலோமீற்றர் இடைவெளியில் இலத்திரன்களைக் கொண்டு இவ்வாறு செய்து 2.42 பெற்றார்கள்.