வார்ட்டில் நோயாளியோடு கதைக்கப் பயப்படும் தாதி மாணவர்கள்: பழகினால் சரியாகுமா?

கேள்வி:
கொழும்பில் தாதியர் பயிற்சி, முதலாம் வருடம். எழுத்துப் பரீட்சையில் நல்ல புள்ளி எடுக்கிற சில பிள்ளைகள் கட்டிலடிக்குப் போனதும் குரல் அடைத்து நிற்கிறார்கள். சிங்களம் பேசும் நோயாளி என்றால் இன்னும் கஷ்டம். போகப் போகச் சரியாகும் என்று விடலாமா?

மறுமொழி 1:
விடாதீங்க. கட்டிலடியில் உற்றுப் பாருங்கள்: பிள்ளை பி.எச்.ரி. அட்டையை (நோயாளியின் விபரம் எழுதும் கட்டில் அட்டையை) விட்டுக் கண்ணெடுக்காது, கேள்விகளை மனப்பாடமாக ஒப்புவிக்கும், நடுக்கம் தெரியாமலிருக்கப் பேனையை இறுக்கிப் பிடிக்கும். அன்றைக்கு ஒன்றும் பிழைக்காவிட்டாலும் "அட்டை இருந்ததால் தப்பினேன்" என்றே மனம் கணக்கெழுதும். அதனால்தான் மாதக்கணக்கில் வார்ட்டில் நின்றும் பயம் குறைவதில்லை. சமூகப் பதற்றம், அதாவது மற்றவர் முன் பேசப் பழகப் பயப்படுவது பற்றி உளவியலாளர்கள் கிளார்க், வெல்ஸ் இருவரும் 1995இல் விளக்கியது இதைத்தான்: கவனம் முழுக்கத் தன் குரலிலும் கையிலும் இருக்கும். நோயாளி "ராத்திரி நெஞ்சு நொந்தது" என்பார், பிள்ளை அடுத்ததாக "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கும். இது நோயாளிக்கே ஆபத்து.

மறுமொழி 2:
பயத்துக்கு 0 முதல் 100 வரை புள்ளி போடச் சொல்லுங்க. 30, 40 வருகிற வேலையில் தொடங்குங்க: தன் பெயரைச் சொல்லி 2 நிமிடம் கதைப்பது, அவ்வளவுதான். பிறகு பிரஷர் பார்த்தபடி கதைப்பது, பிறகு சிஸ்டர் பக்கத்தில் நிற்கக் கதைப்பது. ஒரே படியை வேறு வேறு நோயாளிகளோடு, புள்ளி பாதியாகும்வரை செய்யவேணும்.

போகமுன், என்ன நடக்கும் என்று பயப்படுகிறாரோ அதை ஒரு வரி எழுதட்டும். "மோசமாகப் போகும்" என்றால் சரிபார்க்க ஏலாது; "நோயாளி முகத்தைத் திருப்புவார்" என்றால் திரும்பி வந்து பார்க்கலாம்.

சிங்களத்துக்கு முதலில் ஒரு வசனம் போதும்: "டிக்கக் ஹெமின் கியன்ன புளுவன்த?" கொஞ்சம் மெதுவாகச் சொல்லச் சொல்லிக் கேட்கத் தெரிந்தாலே பாதிப் பதற்றம் போகும். எல்லார் முன்னாலும் "வாயில்லையா?" என்று மட்டும் கேட்டுவிடாதீங்க, அந்தப் பிள்ளை அடுத்த நாள் வராது.

மறுமொழி 3:
நடுக்கத்தையும் நெஞ்சுப் படபடப்பையும் குறைக்கும் புரோப்ரனலோல் மாத்திரையை நண்பரிடம் வாங்கிப் போடுவதைத் தடுங்க. ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சே இறுகலாம். 6 மாதத்துக்கு மேலாக இப்படியே இருந்து வார்ட் பயிற்சியையும் தவிர்க்கிறார் என்றால் மனநல மருத்துவரிடம் அனுப்புங்க. சமூகப் பதற்றத்துக்கான இங்கிலாந்தின் 2013 வழிகாட்டலில் முதல் தெரிவு மாத்திரை இல்லை, குழுவாக இல்லாமல் ஒருவருக்குத் தனியாகக் கொடுக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை). அவசரமாகக் கதைக்க 1926, தேசிய மனநல உதவி இலக்கம்.

கேட்டவர்:
நன்றி. அட்டையே இல்லாமல் எப்படி அனுப்புவது?

மறுமொழி 1:
பெயர், நோவு, நித்திரை என்ற மூன்றை மட்டும் மனதில் வைக்கட்டும். முதல் 2 நிமிடம் அட்டை கால்மாட்டிலேயே கிடக்கட்டும், எழுதுவது பிறகு.